வருஷத்துக்கு ஒரு கேள்வி

என் அத்தையின் கல்யாணத்தைக் கெடுத்தவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. வயதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. ஒன்பது வயதுப் பையனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்பது நன்றாகவே தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் செய்தேன். அதன்பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பொய் சொன்ன மாணவர்களை வரிசையாக நிற்கவைத்து உண்மையின் அருமையைப் பற்றிப் பேசிச் சம்பளம் வாங்கிய ஆசிரியன் நான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மலாய் நாட்டில், செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா பட்டறையில் வேலை பார்த்தார். அம்மாவுக்கு மூச்சிழுப்பு நோய். அடுப்புப் புகை ஆகாது, குளிர் ஆகாது, கவலையும் ஆகாது. ஆகவே வீட்டை நடத்தியது அத்தைதான். அப்பாவுக்கு அக்கா, கல்யாணமாகாதவள், முப்பதைத் தாண்டியவள். சமையல், துணி, எங்கள் படிப்பு எல்லாம் அவள் கையில் இருந்தன. ஆனால் வீட்டில் எதையும் முடிவு செய்யும் அதிகாரம் மட்டும் அவளுக்கு இல்லை. அதெல்லாம் அப்பாவுடையது.

அப்பாவின் அதிகாரத்துக்குக் குறுக்கே அத்தையிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. "சித்திரை வரட்டும்."

இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எங்கள் காது புளித்துப்போயிருந்தது. சமையலறைக் கூரை ஒழுகும். தகரத்தை மாற்றலாமா என்று அப்பா கேட்பார். சித்திரை வரட்டும். எனக்குத் தொண்டையில் சதை வளர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். சித்திரை வரட்டும். ரேடியோ வாங்குவதா, கொல்லையில் கோழி வளர்ப்பதா, பக்கத்து வீட்டுக்காரரோடு மறுபடி பேசுவதா, எல்லாவற்றுக்கும் சித்திரை வந்தாக வேண்டும். வருஷம் பிறக்கும் காலையில் சாமியிடம் கேட்டுவிட்டுத்தான் செய்யவேண்டும் என்பது அவள் கட்சி. இதில் கொடுமை என்னவென்றால், சாமியிடம் வருஷத்துக்கு ஒரு கேள்விதான் கேட்கலாம். இரண்டாவது கேட்டால் சாமிக்குச் சலிப்பு வந்துவிடுமாம். ஆகவே ஒரு கேள்வி போக மீதியெல்லாம் அடுத்த சித்திரைக்குத் தள்ளிப்போகும். கூரை அப்படியே ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஏன்க்கா, போன ஜனவரி மாசமே வருஷம் பொறந்திருச்சே, அப்பவே கேட்டிருக்கலாமில்ல?" என்று அப்பா ஒருமுறை கேட்டார்.

"அது வெள்ளக்காரன் வருஷம். அன்னிக்கு நம்ம சாமிக்கு லீவு."

அப்பா தலையில் அடித்துக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பங்குனி கடைசி நாள் வந்தால் வீடு வீடாக இருக்காது. பழைய துடைப்பம் வெளியே போகும். உப்பு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். அன்று முழுக்க அவள் உப்பில்லாமல் சாப்பிடுவாள். நாங்களும் முனகிக்கொண்டே அதைத்தான் சாப்பிட வேண்டும். விளையாடப் போகக்கூடாது, அழக்கூடாது, அடி வாங்கும்படி எதுவும் செய்யக்கூடாது. வருஷம் எப்படிப் பிறக்கிறதோ அப்படித்தான் நடக்கும் என்பாள். மறுநாள் விடிந்ததும் அவள் கை வந்து என் கண்களைப் பொத்தும். மஞ்சள் வாசனை அடிக்கும் அந்தக் கை அப்படியே சாமி அறைக்கு நடத்திக்கொண்டு போகும். கண்ணைத் திறந்தால் பித்தளைத் தட்டில் மாம்பழம், வாழைப்பழம், வெற்றிலை, அரிசி, அவளுடைய ஒற்றைச் சங்கிலி, நடுவில் ஒரு கண்ணாடி. புது வருஷத்தில் முதலில் பார்ப்பது பழமும் பொன்னும் நம் முகமுமாக இருக்க வேண்டும். அதெல்லாம் சரிதான். ஆனால் தட்டிலிருக்கும் மாம்பழத்தை மத்தியானம்வரை தொடக்கூடாது என்று சொல்வதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அதற்குப் பிறகுதான் கேள்வி. வாழையிலைத் துண்டுகள் இரண்டு. ஒன்றில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூவின் இதழ். இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, வாழைநாரால் கட்டி, சாமி படத்துக்கு முன்னால் போடுவாள். கண்ணை மூடிக்கொண்டு கேள்வியை மனசுக்குள் கேட்பாள். பத்து வயதாகாத பிள்ளை ஒன்றை எடுத்துத் தரவேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பிள்ளைக்குச் சூது தெரியாது, ஆகவே சாமி அந்தக் கையில் வந்து உட்காரும் என்பது நம்பிக்கை.

அந்தப் பிள்ளை நான். எனக்குச் சூது தெரியும்.

அத்தை வைக்கும் வெள்ளைப் பூ மல்லிகை. பால் டின்னில் அவளே வளர்த்தது. சிவப்பு, வேலியோரத்துச் செம்பருத்தி. செம்பருத்திக்கு வாசனை கிடையாது. மல்லிகையை வாழையிலையில் எத்தனை மடிப்பு மடித்தாலும் மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் தெரிந்துவிடும். சாமி கும்பிடுவதுபோல் கொஞ்சம் அதிகமாகக் குனிந்தால் போதும். இதை நான் ஏழு வயதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். வெள்ளை வந்தால் அத்தை முகம் மலரும், கேசரியில் எனக்கு முந்திரி அதிகமாக விழும். ஆகவே குனிந்து, மோந்து, மல்லிகையையே எடுத்துக் கொடுத்தேன். ஒரு வருஷம் வீட்டுக்குத் தையல் மிஷின் வந்தது. அதற்கு அடுத்த வருஷம், ஆறாம் வகுப்போடு நிறுத்திவிடலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்த என் அக்காள் மறுபடி பள்ளிக்கூடம் போனாள். சாமி சொன்ன பிறகு அப்பாவால் என்ன செய்யமுடியும்?

"ஒங்க சாமிக்கு வேணாம்னு சொல்லவே தெரியாதாக்கா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு ஒன்பது நடக்கும்போது கேரி தீவிலிருந்து ஒருவர் வரத் தொடங்கினார். அங்கே தோட்டத்து ஆபீஸில் கிராணி. அதாவது கணக்குப்பிள்ளை. மனைவி இறந்துவிட்டாள், சின்னப் பையன் ஒருவன் இருந்தான். செந்தூலில் யாரோ உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவர், அத்தையிடம் சட்டை தைக்கக் கொடுத்தார். பிறகு அந்தச் சட்டையை வாங்க வந்தார். பிறகு அதில் பட்டன் சரியில்லை என்று வந்தார். வரும்போதெல்லாம் சாக்கில் நண்டு கட்டிக்கொண்டு வருவார். என்னைப் பார்த்து, "என்ன தவுக்கே, யாவாரமெல்லாம் எப்படி?" என்பார், நான் ஏதோ சீனன் கடை முதலாளி என்பதுபோல. அத்தை உள்ளேயிருந்து சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் பெண் கேட்டபோது அப்பா குதித்தார்.

"தீவுக்குப் போயி எவன் புள்ளைக்கோ சோறாக்கிப் போடணுமா? ஆத்தத் தாண்டணும், படகுக்கு நிக்கணும். அங்க முதலைதான் இருக்கு."

அம்மா மெதுவாக, "அவங்களுக்கும் ஒரு வாழ்க்கை வேணாமா?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அப்பா அவளையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த கணக்கு எனக்கே விளங்கியது. அத்தை போனால் சோறு யார் ஆக்குவது?

அத்தை ஒன்றும் வாதாடவில்லை. "சித்திரை வரட்டும்" என்றாள்.

இம்முறை எல்லாருக்கும் கேள்வி என்னவென்று தெரியும். எனக்கும் தெரியும். அப்பாவின் பெல்ட்டுக்கும் என் முதுகுக்கும் நடுவில் வந்து நிற்கும் ஆள் ஒருத்தி போகப்போகிறாள். மலாய்ப் பாடம் சொல்லித்தர ஆளிருக்காது. அங்கே போய் வேறொரு பையனுக்கு முந்திரி பொறுக்கிப் போடுவாள். போதாததற்கு அந்தப் பங்குனி கடைசி நாளில் என் பட்டத்தைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள், நாளைக்கு அடி வாங்குகிற மாதிரி எதுவும் நடக்கக்கூடாதாம். உப்பில்லாத சோற்றைத் தின்றுகொண்டே நான் முடிவு செய்துவிட்டேன்.

காலையில் கண்ணைப் பொத்தி அழைத்துப் போனாள். திறந்தேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. வழக்கமான முகம்தான். அப்பா கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அத்தை இரண்டு பொட்டலங்களையும் வைத்தாள். அன்றைக்கு அவள் தலையில் பூ வைத்துக்கொள்ளவில்லை, ஊதுவத்தியும் இன்னும் கொளுத்தவில்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை. மோந்து பார்க்க வசதியாகப் போயிற்று என்று மட்டும் நினைத்தேன்.

கண்ணை மூடினாள். நான் குனிந்தேன். இடது பக்கத்தில் மல்லிகை, சந்தேகமே இல்லை. வலது பக்கத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

அவள் நாரை அவிழ்த்தாள். சிவப்பு.

அத்தை சாமி படத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நல்லாப் பாத்துதான் எடுத்தியாய்யா?"

"ஆமா அத்தை."

"சரி" என்று எழுந்து கேசரி கிண்டப் போய்விட்டாள். முந்திரி எனக்கு வழக்கம்போலவே விழுந்தது. அப்பா அன்று நல்ல குஷியாக இருந்தார். "சாமியே சொல்லிருச்சு, இனிமே நாம என்னத்தச் சொல்றது" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார்.

அடுத்த வாரம் கிராணி வந்தார். அப்பா அவரை வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார். உள்ளே அத்தை தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். துணி எதுவும் இல்லாமல் வெறும் மிஷின் ஓடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, "வரேன் தவுக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். கொண்டுவந்திருந்த சாக்கை எடுத்துப்போக மறந்துவிட்டார். கட்டு அவிழ்ந்து நண்டுகள் படியெல்லாம் ஓடின, சாக்கடைக்குள்ளும் இறங்கின. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே கத்தினாள். அன்று சாயந்திரம் முழுவதும் நான் நண்டு பிடித்துக்கொண்டிருந்தேன். பட்டமும் பரணிலிருந்து இறங்கியிருந்தது. அவ்வளவு சந்தோஷமான நாள் அந்த வருஷத்தில் வேறெதுவும் இல்லை.

மறுவருஷம் அத்தை பழத் தட்டு வைத்தாள், கண்ணாடியும் வைத்தாள். பூ மட்டும் கட்டவில்லை. "கேக்க ஒன்னுமில்ல" என்றாள். சித்திரை வரட்டும் என்ற சொல்லும் அதோடு நின்றுபோயிற்று. அப்பா கேட்டார், அவள் தலையாட்டினாள், கூரைக்குப் புதுத் தகரம் வந்தது. அப்பாடா என்றிருந்தது எங்களுக்கு.

வளர வளரத்தான் உறுத்தத் தொடங்கியது. என் முதல் சம்பளத்தில் அவளுக்குச் சேலை வாங்கினேன். பிறகு ஒவ்வொரு சித்திரைக்கும் வாங்கினேன். "எதுக்குடா இவ்வளவு? நான் என்ன கல்யாணப் பொண்ணா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் அடுத்த வருஷம் அதைவிட விலை கூடியதாக எடுப்பேன். ஓய்வு பெற்றதும் காரை எடுத்துக்கொண்டு கேரி தீவுக்குப் போனேன். இப்போது பாலம் இருக்கிறது, படகுக்கு நிற்க வேண்டியதில்லை. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தால், கிராணி இறந்து வெகுகாலமாகியிருந்தது. அன்றைய சின்னப் பையன் என்னைவிடத் தலை நரைத்து உட்கார்ந்திருந்தார். தன் அப்பா அடுத்த வருஷமே கல்யாணம் செய்துகொண்டார், சின்னம்மா தங்கமானவர் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வீடு திரும்பும்போது அந்த நிம்மதியை நினைத்து என்மீதே எரிச்சலாக வந்தது. அவருக்குத்தான் வாழ்க்கை அமைந்துவிட்டது. அவளுக்கு?

அத்தைக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. கிள்ளானில் என் அக்காள் வீட்டில் இருக்கிறாள். அக்காள் படித்து நர்ஸாகி ஓய்வு பெற்றவள். அத்தைக்கு அவள்தான் இப்போது அப்பா. அதைச் செய்யாதே, இதைத் தொடாதே என்று நாள் முழுக்க உத்தரவு. இரண்டு வருஷத்துக்கு முன் சித்திரை முதல் நாள், ஏழு வயதுப் பேத்தியையும் அழைத்துக்கொண்டு அங்கே போனேன். அத்தை பச்சடிக்கு வேப்பம்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். இன்று சொல்லாவிட்டால் என்றும் சொல்லமாட்டோம் என்று தோன்றியது.

"அத்தை, ஒன்னு சொல்லணும்."

"மொதல்ல அந்தக் காத்தாடியக் கொறச்சிட்டு வந்து சொல்லு. பூவெல்லாம் பறக்குது."

மின்விசிறியைக் குறைத்துவிட்டு வந்து, மல்லிகை, செம்பருத்தி, மூக்கு எல்லாவற்றையும் சொன்னேன். எழுபது வயதுக் கிழவன், குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. அவள் காம்பைக் கிள்ளிக்கொண்டேயிருந்தாள்.

"மல்லிகப்பூ வாசன எனக்கு மட்டும் வராதாடா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"தையல் மிஷின் எப்படி வந்துச்சு? ஒங்க அக்கா எப்படிப் பள்ளிக்கூடம் போனா? நீ குனிஞ்சி மோந்து மோந்து எடுத்தத நான் பாக்கலன்னா நெனச்ச? ஒனக்கு நல்லாத் தெரியட்டும்னுதானே பூவ நாலஞ்சாப் போட்டு மடிப்பேன்."

"அப்ப அந்த வருஷம்..."

"அந்த வருஷமும் நீ எடுத்துக் குடுத்துருவேன்னுதான் நெனச்சேன். தலையில பூகூட வச்சிக்கல, ஒன் மூக்குக்குக் கொழப்பம் வேணாமேன்னு." வேப்பம்பூவை உள்ளங்கையில் எடுத்து ஊதினாள். "நீ குடுக்கல. சரி, புள்ளைக்கு நம்ம போறது இஷ்டமில்லன்னு தெரிஞ்சிக்கிட்டேன்."

"அத்தை, நான் சின்னப் பையன். நீங்க சாமிகிட்டக் கேட்டீங்கன்னு..."

"சாமிகிட்ட யாருடா கேட்டா?"

"என்னைத் திட்டியாவது விடுங்க அத்தை. இல்ல, மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன்.

அவள் யோசித்தாள். அந்தச் சுருங்கிய முகத்தில், நான் பல பத்தாண்டுகளாகப் பார்க்காத ஒரு பிடிவாதம் வந்து உட்கார்ந்தது.

"சித்திரை வரட்டும்" என்றாள்.

"இன்னிக்குத்தானே அத்தை சித்திரை!"

"இன்னிக்கு வேற கேள்வி இருக்கு. வருஷத்துக்கு ஒன்னுதான், மறந்திட்டியா?"

எழுந்துபோய் வாழையிலையை நறுக்கிக்கொண்டு வந்தாள். என் பேத்தியைக் கூப்பிட்டு, "இங்க வாம்மா, சாமிக்கு முன்னால நல்லாக் குனிஞ்சி கும்பிட்டு ஒன்ன எடு" என்றாள். நல்லாக் குனிஞ்சி என்பதை அழுத்திச் சொன்னாள். பிள்ளை குனிந்தாள், மூக்கைச் சுளித்தாள், என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை. கேள்வி என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. வயதாகிவிட்டது, இனிமேல் அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்று அக்காள் சொல்லிக்கொண்டிருந்தாளாம். சாமி போகலாம் என்று சொல்லிவிட்டது.

"போதும் லா அத்தை! ஒங்க சாமிக்கு வேணாம்னு சொல்லவே தெரியாதா?" என்று அக்காள் கத்தினாள். அச்சு அசலாக அப்பாவின் குரல். அத்தை காது கேட்காதவள்போல் வாணலியை எடுத்தாள். நான் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

போன சித்திரையிலும் போனேன். அந்த வருஷத்துக் கேள்வி, முன்வாசல் சிமெண்டைக் கொத்தி மல்லிகை வைப்பது பற்றியது. வெள்ளை வந்தது, சிமெண்ட் உடைந்தது, அக்காள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. என் விஷயத்தைக் கேட்டால், "சித்திரை வரட்டும்."

எனக்கு வருகிற எரிச்சலை எங்கே போய்ச் சொல்வது? வரும் சித்திரை தாண்டினால் பேத்திக்குப் பத்து வயது ஆகிவிடும், அப்புறம் பூ எடுக்கக்கூட ஆள் கிடையாது. அதையும் போன வாரம் போய்ச் சொன்னேன். அத்தை புது மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒனக்கு என்னடா இப்ப அவசரம்?" என்றாள்.